கிளினிக் திகதி வரும் வரை: ஓட்டிச அறிகுறி தெரியும் சிறுபிள்ளைகளின் உம்மாமாருக்கு யார் துணை?

2025 செப்டம்பர் 22ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் வெள்ளை மாளிகையில் வைத்து, கர்ப்பிணித் தாய்மார் பரசிட்டமோல் எடுப்பதற்கும் பிள்ளைகளுக்கு ஓட்டிசம் வருவதற்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னார். மறுநாள் சுபஹுக்குப் பிறகு எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுமத்தில் அது குரல்பதிவாக வந்துவிட்டது. பேசியவர் யாரென்று தெரியாது. பல கை மாறி வந்த பதிவு. அன்று பகல் என் மகள் அடுப்படியில் நின்றபடி கேட்டாள்: "வாப்பா, நான் கொரோனாக் காய்ச்சலுக்கு பனடோல் குடிச்சதாலயா புள்ளைக்கு இப்பிடி?"

அவள் கேட்டது 2021 ஆகஸ்ட் மாதத்துக் காய்ச்சலைப் பற்றி. அப்போது அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. டொக்டர் சொல்லித்தான் பனடோல் குடித்தாள். நான்கு வருடம் கழித்து, வேறொரு நாட்டு அரசியல்வாதி பேசிய ஒரு பேச்சு காத்தான்குடியில் ஒரு அடுப்படி வரை வந்து அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டது.

அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது. சுவீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த ஏறத்தாழ 24 இலட்சத்து 80 ஆயிரம் பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2024இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரே தாயின் பிள்ளைகளில், ஒரு கர்ப்பத்தில் பரசிட்டமோல் எடுத்து மறு கர்ப்பத்தில் எடுக்காதவர்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ட்ரம்ப் பேசி இரண்டு நாளில் உலக சுகாதார நிறுவனமும், அப்படியொரு தொடர்புக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. கர்ப்ப காலத்தில் கடும் காய்ச்சலை மருந்தில்லாமல் விடுவதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. இவ்வளவையும் விளக்கினேன். தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

ஏனென்றால் பனடோல் அவள் கேட்ட முதல் குற்றச்சாட்டு அல்ல. போனைக் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்றார்கள். மஃரிப் நேரத்தில் பிள்ளையை வெளியே கொண்டு போனாள் என்றார்கள். தடுப்பூசி போடாமல் விட்டிருக்கலாமே என்றும் ஒருவர் கேட்டார். அந்தக் கதை 1998இல் இங்கிலாந்தில் அன்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற வைத்தியர் வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரையில் பிறந்தது. வெளியிட்ட சஞ்சிகையே 2010இல் அதை மீளப் பெற்றது. அவருடைய வைத்தியப் பதிவும் பறிபோனது. டென்மார்க்கில் 6 இலட்சத்து 57 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வு, தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பே இல்லை என்று காட்டியது. அதே 2019இல்தான் இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. 2023இல் சின்னமுத்து திரும்பி வந்துவிட்டது. வதந்தியை நம்பி ஊசியைத் தவிர்க்கும் குடும்பத்தின் பிள்ளை ஓட்டிசத்திலிருந்து தப்பப்போவதில்லை. சின்னமுத்தில் மட்டும் மாட்டிக்கொள்ளும்.

எல்லாக் காரணங்களும் ஏன் உம்மாவின் தலையிலேயே வந்து விழுகின்றன? ஓட்டிசத்தில் பெரும் பங்கு மரபணுக்களுக்கு உண்டு என்பதை விஞ்ஞானம் எப்போதோ சொல்லிவிட்டது. மரபணுவில் பாதி வாப்பாவுடையது. ஆனாலும் எங்கள் ஊரில் எந்த வாப்பாவையும் யாரும் இப்படி விசாரித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் தவறு யாருடையது என்று கேட்டால், அது என்னுடையது. முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியராக இருந்தவன் நான். 2023 நடுப்பகுதியில் பேரனுக்கு ஒன்றரை வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். ஆனால் பிஸ்கட் பக்கற்றை அடுத்த அறையில் பிரித்தால் ஓடி வருவான். ஆகவே காது கேட்கிறது என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். எதையும் விரல் நீட்டிக் காட்டமாட்டான். வேண்டியதை எடுக்க என் கையைப் பிடித்து, அது ஏதோ ஒரு கொக்கி போல, அலுமாரி வரை இழுத்துச் செல்வான். விளையாட்டுக் காரை ஓட்டமாட்டான். கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருப்பான். பன்னிரண்டு மாதத்தில் சொல்லிய "உம்மா", "பால்" இரண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை.

மகள் முதலில் என்னிடம்தான் சொன்னாள். நான் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "ஆம்புளப் புள்ள சுணங்கித்தான் பேசும். அவன்ட வாப்பாவும் மூணு வயசிலதான் பேசின." அவள் மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் இதே பதில். கட்டாரில் இருந்த மருமகனுக்கும் நான்தான் ஆறுதல் சொன்னேன். கிளினிக்குக்குப் போனது 2024 மார்ச்சில். பத்து மாதத்தை என் வாயால் வீணாக்கினேன். இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பத்து மாதம் என்றால் அதன் ஆயுளில் ஏறத்தாழ பாதி.

சுணங்கிப் பேசும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஓட்டிசம் என்று நான் சொல்லவரவில்லை. பலர் தாமாகவே பேசிவிடுவார்கள். சிலருக்குக் காது கேளாமை இருக்கும், அதனால் முதலில் செய்யவேண்டியது காதுப் பரிசோதனைதான். கவனிக்கவேண்டியது பேச்சை விடப் பேச்சுக்கு முந்திய விடயங்களை. ஒரு வயதில் பெயருக்குத் திரும்புகிறதா? ஒன்றரை வயதில், தனக்கு வேண்டுமென்பதற்காக மட்டுமின்றி, "அங்கே பார்" என்று உங்களுக்குக் காட்டுவதற்காகவும் விரல் நீட்டுகிறதா? நீங்கள் ஒன்றைக் காட்டினால் அதைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தையும் பார்க்கிறதா? வந்த சொற்கள் திரும்பப் போயினவா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

இதைப் பார்க்க எங்களிடம் ஒரு நல்ல வாய்ப்பு ஏற்கனவே இருக்கிறது. பதினெட்டாம் மாதத்தில் முக்கூட்டு ஊசியும் போலியோ சொட்டும் கொடுக்கப் பிள்ளையைக் கொண்டு போகிறோம். எடை பார்க்கிறார்கள், பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் கோடு போடுகிறார்கள். அதே பதிவேட்டில் விருத்திப் படிகள் பற்றிய பக்கமும் உண்டு. எங்கள் பேரனின் கொப்பியில் அந்தப் பக்கம் வெறுமையாகவே இருந்தது. கிளினிக்கில் அன்று நின்ற கூட்டத்தைப் பார்த்தவன் என்ற முறையில் நான் மிட்வைஃபைக் குறைசொல்ல மாட்டேன். அந்தக் கூட்டத்தில் எந்தத் தாய் கேட்பாள்? எங்கள் வீட்டிலும் எவரும் கேட்கவில்லை.

இலங்கையில் இந்தத் துறையில் முன்னோடியான சிறுவர் உளநல வைத்தியப் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவரது குழுவினரும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 18 முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஓட்டிசம் இருந்தது. இன்னொரு விடயம் அதைவிட முக்கியமானது. மேல்நாட்டில் தயாரித்த கேள்விக்கொத்தை மொழிபெயர்த்துத் தாய்மாரிடம் கொடுத்தபோது, அது ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் கால்வாசியைத்தான் பிடித்தது. தாளில் கேட்ட கேள்விக்குத் தாய்மார் "ஓம், செய்வான்" என்று எழுதிவிட்டார்கள். ஆச்சரியமில்லை. என்னிடம் கேட்டிருந்தாலும் நான் அப்படித்தான் எழுதியிருப்பேன். அதன் பிறகுதான் அவர்கள் படங்களைக் காட்டிக் கேட்கும் முறையொன்றை உருவாக்கினார்கள்.

நூற்றுக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,000 பிள்ளைகள் பிறக்கும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் ஒவ்வொரு வருடமும் 10 பிள்ளைகள். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, வாழைச்சேனை, கல்முனை என்று எண்ணிக்கொண்டு போங்கள். அந்தப் பிள்ளைகள் எங்கே? வீட்டுக்குள் இருக்கிறார்கள்.

ஏனைய பயணம் வாசகர்கள் பலருக்குத் தெரிந்ததே. ஆதார வைத்தியசாலையில் ஒரு கடிதம், அதைக் கொண்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அங்கே சிறுபிள்ளை நிபுணர், பிறகு பேச்சுச் சிகிச்சை, தொழில்வழிச் சிகிச்சை. ஒவ்வொரு படிக்கும் ஒரு திகதி. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் எத்தனை வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்பது ஊரறிந்த கதை. தமிழில் சிகிச்சையளிக்கக் கூடிய பேச்சுச் சிகிச்சையாளர்கள் மிகக் குறைவு. நாட்டில் இத்துறைக்கான பட்டப்படிப்பு நீண்ட காலமாக றாகமவில் உள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தையே நம்பியிருந்தது. பொறுமையிழந்த குடும்பங்கள் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகின்றன. நாங்களும் போனோம். ஒரு தனியார் நிலையத்தில் நாற்பது நிமிடம் பார்த்துவிட்டு, வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகளை ஒரு தாளில் அடித்துத் தந்தார்கள். தாள் சிங்களத்தில் இருந்தது. மகள் அதை பஸ்ஸில் பக்கத்து ஆசனத்துச் சிங்களப் பெண்மணியிடம் கொடுத்து வாசிப்பித்து, போனில் தமிழில் எழுதிக்கொண்டாள்.

இந்த இடத்தில்தான் நான் வலியுறுத்த விரும்பும் விடயம் வருகிறது. நாங்கள் எல்லோரும் ஒரு பெயருக்காகக் காத்திருக்கிறோம். டொக்டர் "ஓட்டிசம்" என்று எழுதித் தரும் வரை எதுவும் தொடங்க முடியாது என்று நினைக்கிறோம். எழுதித் தந்த பிறகு, சிகிச்சையாளர் கிடைக்கும் வரை எதுவும் தொடங்க முடியாது என்று நினைக்கிறோம். இரண்டும் பிழை. சிறுபிள்ளைக்குச் செய்யவேண்டியதில் பெரும் பகுதியைச் செய்யப்போகிறவர்கள் உம்மாவும் வாப்பாவும்தான். அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்குப் பெயர் தேவையில்லை, அறிகுறி போதும். அந்தப் பயிற்சி, கடைசியில் ஓட்டிசம் இல்லையென்று தெரியவரும் பிள்ளைக்கும் நன்மைதான் செய்யும்.

இது என் ஆசையிலிருந்து பிறந்த கருத்தல்ல. அவுஸ்திரேலியாவில் பேர்த், மெல்பேர்ன் நகரங்களில் ஆரம்ப அறிகுறிகள் தெரிந்த 9 முதல் 14 மாதம் வரையான 103 குழந்தைகளை எடுத்தார்கள். ஒரு பகுதியினரின் பெற்றோருக்கு, தம் பிள்ளையுடன் தாம் விளையாடும் வீடியோவைத் தமக்கே போட்டுக் காட்டி, பிள்ளை தரும் சின்னச் சின்ன சமிக்ஞைகளைக் கவனிக்கப் பழக்கினார்கள். ஐந்து மாதத்தில் பத்தே அமர்வுகள். மூன்று வயதில் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 20.5 வீதத்தினர் ஓட்டிசத்துக்கான அளவுகோலை எட்டியிருந்தார்கள். பெற்றோர் பயிற்சி பெற்றவர்களில் 6.7 வீதத்தினர். 2021இல் வெளியான ஒரேயொரு ஆய்வு அது. அதை வைத்து "ஓட்டிசத்தைக் குணப்படுத்தலாம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பவேண்டாம். அது காட்டுவது இவ்வளவுதான்: பெயர் வருவதற்கு முன்பே பெற்றோருக்குக் கைகொடுத்தால் பிள்ளைக்குப் பயன் உண்டு.

அவுஸ்திரேலியா வசதியான நாடு, அங்கே எல்லாம் நடக்கும் என்பீர்கள். சரி, ராவல்பிண்டிக்கு வாருங்கள். பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் இந்தியாவின் கோவாவிலும் நிபுணர்கள் அல்லாத சாதாரண சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவித்து, ஆய்வில் சேர்ந்த 65 பிள்ளைகளில் ஒரு பகுதியினரின் குடும்பங்களோடு பன்னிரண்டு அமர்வுகள் நடத்தினார்கள். பெற்றோர் பிள்ளையோடு இசைந்து போகும் விதம் மாறியது. பிள்ளைகள் தாமாகத் தொடர்புகொள்ள முயல்வது கூடியது. 2016இல் வெளியான முடிவு இது. அதே வருடம் எங்கள் நாட்டிலேயே, தாய்மாருக்குப் பழக்கி வீட்டில் செய்விக்கும் திட்டத்தால் புதிதாக இனங்காணப்பட்ட சிறுபிள்ளைகள் முன்னேறியதைப் பேராசிரியர் பெரேராவின் குழு காட்டியது. உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே ஒரு பயிற்சித் திட்டத்தை வைத்திருக்கிறது: ஒன்பது குழு வகுப்புகள், மூன்று வீட்டு வருகைகள், நடத்துபவர் நிபுணராக இருக்கவேண்டியதில்லை. பிள்ளைக்கு ஓட்டிசம் என்று நிர்ணயம் ஆகியிருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இல்லை.

வீட்டில் என்னதான் செய்வது? மகளுக்கு அரச வைத்தியசாலையில் ஒரு பேச்சுச் சிகிச்சையாளர் ஒரே அமர்வில் சொல்லிக்கொடுத்ததும், அடுத்த திகதி வரும் வரை அவள் தானாகச் செய்து கண்டதும் கலந்து எழுதுகிறேன். நான் சிகிச்சையாளன் அல்ல. பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, பிள்ளையின் உயரத்துக்கு இறங்குவது. நின்றுகொண்டு கூப்பிடுவதை விட்டுப் பாயில் அவனுக்கு எதிரே இருந்தாள். அவன் சக்கரத்தைச் சுழற்றினால் பறிப்பதில்லை. தானும் ஒரு காரைக் கவிழ்த்து வைத்துச் சுழற்றினாள். மூன்றாம் நாள் அவன் தன் கையை நிறுத்திவிட்டு அவள் கையைப் பார்த்தான். எங்களுக்கு அது பெருநாள்.

இரண்டாவது, காத்திருப்பது. இது வயதானவர்களுக்கு மிகக் கடினம். பேரன் கையை இழுக்குமுன்பே பிஸ்கட்டை எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் அன்பு. பிஸ்கட்டை முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு, மனதுக்குள் பத்து எண்ணும் வரை வாயைத் திறக்காமல் இருக்கவேண்டும். அந்தப் பத்துக்குள் அவன் ஒரு பார்வையோ ஒரு சத்தமோ தந்தால் உடனே கொடுப்பது. என் மனைவிக்கு எட்டுக்கு மேல் எண்ண வரவே இல்லை.

மூன்றாவது, பேச்சைக் குறைப்பது. "வாங்க மன, நாம போய் குளிச்சிட்டு வந்து சோறு தின்போம்" என்று நாங்கள் பேசும்போது அந்தப் பிள்ளைக்கு அது வெறும் இரைச்சல். கிணற்றடியில் வாளியைத் தூக்கிப் பிடித்து "தண்ணி" என்று ஒரு சொல். "ஒண்டு, ரெண்டு..." என்று எண்ணி, மூன்றுக்கு முன்னால் நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பது. ஒவ்வொரு நாளும் அதே வாளி, அதே எண்ணிக்கை. நாலாம் மாதம் அவன் "மூ" என்றான். குளிப்பதும், சோறு ஊட்டுவதும், உடுப்பு மாற்றுவதும் எப்படியும் நடக்கத்தான் போகின்றன. அவற்றையே பாடமாக்கினால் அவளுக்குத் தனியாக நேரம் தேடவேண்டியதில்லை.

போன் பற்றியும் ஒரு வார்த்தை. போன்தான் ஓட்டிசத்தை உண்டாக்கியது என்று உம்மாவைத் திட்டுவது அநியாயம். ஆனால் போன் ஓடும் நேரம் முகம் பார்க்காத நேரம். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்பது 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. கட்டாரில் இருக்கும் வாப்பா வீடியோ அழைப்பில் பேசுவதை நாங்கள் நிறுத்தவில்லை. அவரும் பழகிக்கொண்டார், இப்போது ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார்.

இனி எங்கள் பிரதேசத்துக்கே உரிய ஒரு விடயம். கிழக்கில் முஸ்லிம்களும் தமிழர்களும் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்கு எடுக்கும் வழக்கத்தில் வாழ்பவர்கள். ஒரு வளவில் உம்மம்மா, பக்கத்து வீட்டில் பெரியம்மா, பின்வளவில் சாச்சி. பிள்ளையை நாளெல்லாம் தூக்கி வைத்திருப்பவர்கள் இவர்கள். மேல்நாட்டுப் பயிற்சிகள் தாய், தகப்பன் இருவரை மட்டும் கணக்கில் எடுப்பவை. இங்கே உம்மாவுக்கு மட்டும் பழக்கினால், அவள் பத்து எண்ணிக்கொண்டிருக்கும்போது உம்மம்மா பின்னாலிருந்து பிஸ்கட்டைக் கொடுத்துவிடுவார்; எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். ஆனால் இதே வளவு மாறினால் பிள்ளைக்கு ஒன்றல்ல, நாலைந்து ஆசிரியர்கள். கொழும்பு அடுக்குமாடியில் தனியாக இருக்கும் தாய்க்கு இல்லாத வசதி இது. யாராவது எங்கள் பகுதிக்குப் பயிற்சித் திட்டம் எழுதுவதாக இருந்தால், முதல் வகுப்புக்கு உம்மம்மாவையும் கூப்பிடுங்கள்.

அப்பாமாரையும் கூப்பிடுங்கள், என்னைப் போன்றவர்களை.

பள்ளிவாசலைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். பேரன் ஒலிபெருக்கியில் பாங்கு கேட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளறைக்கு ஓடுவான். வீட்டுக்கு வந்திருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, பாங்குச் சத்தத்துக்கு ஓடுவது யார் என்று தெரியும்தானே என்றார். மகள் அன்றிரவு முழுக்க அழுதாள். அந்தப் பிள்ளை மிக்ஸிக்கும் காதைப் பொத்தும், ஆட்டோ ஹோர்னுக்கும் பொத்தும், பெருநாள் பட்டாசுக்கும் பொத்தும். அவனுடைய காதுக்கு எல்லாச் சத்தமும் நமக்குக் கேட்பதை விடப் பல மடங்கு. வந்தவர் கெட்ட மனிதர் அல்ல. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஓதிப் பார்ப்பதை நான் மறுக்கவில்லை. பிள்ளையின் தலையில் கைவைத்து துஆச் செய்யாத முஸ்லிம் வீடு எது? நான் சொல்வது, ஓதி முடித்துவிட்டு கிளினிக்குக்கும் போகவேண்டும் என்பதை. "நாற்பது நாள் பார்ப்போம், பிறகு டொக்டரிடம் போகலாம்" என்று தவணை சொல்பவரிடம், அதற்கு ஆயிரக்கணக்கில் காசும் கேட்பவரிடம், எங்கள் உலமாக்கள்தான் முதலில் கேள்வி கேட்கவேண்டும். தொழுகையில் முதுகில் ஏறிய பேரப்பிள்ளைக்காகத் தம் சுஜூதை நீட்டியவர் எங்கள் நபி. எங்கள் ஸஃப்புகளுக்கிடையில் ஓடும் ஒரு பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும் பார்வையிலேயே அதன் வாப்பாவை அடுத்த ஜும்ஆவுக்குத் தனியாக வரச்செய்துவிடுகிறோம். பலர் பிள்ளையை வீட்டில் வைத்துப் பூட்டத் தொடங்குவது அந்தப் பார்வைக்குப் பிறகுதான்.

வருடத்துக்கு ஒரு குத்பா போதும். ஏப்ரல் 2ஆம் திகதி உலக ஓட்டிச விழிப்புணர்வு நாள். 2007இல் ஐக்கிய நாடுகள் சபையில் அந்த நாளுக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தது கட்டார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வாப்பாமார் உழைக்கும் அதே கட்டார்.

அரசாங்கம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென நிதி ஒதுக்குவதாக அறிவிக்கப்பட்டது, நல்ல விடயம். ஆனால் இந்த நாட்டில் நிலையம் என்றால் அது கொழும்பிலோ அதைச் சுற்றியோதான் முதலில் முளைக்கும். எங்களிடம் பெரிய கட்டடம் வேண்டும் என்று கேட்டுப் பத்து வருடம் காத்திருக்கும் அரசியல்வாதிகள் வேண்டியளவு இருக்கிறார்கள். திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் கிடைக்கும்; உள்ளே இருக்க ஆள் இருக்காது. நான் கேட்பது ஆட்களை. ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் இரண்டு மிட்வைஃப்மாருக்கு இந்தப் பெற்றோர் பயிற்சியைப் பழக்கினால் போதும். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறைக்கு இந்த வருடம் நூறு வயது. வீடு வீடாகப் போகும் மிட்வைஃப் அந்த முறையின் உயிர். பிள்ளை செத்துப் போகாமல் காப்பாற்ற அவர்கள் கற்றுக்கொண்டார்கள். இதையும் கற்றுக்கொள்வார்கள்.

நிபுணர் இல்லாத குறையைச் சாதாரண மனிதர்களைப் பழக்கி ஈடுசெய்வது இந்த மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. உளநல வைத்திய நிபுணர் மகேசன் கணேசன் மட்டக்களப்பில் பணியாற்றிய யுத்த காலத்திலும் சுனாமிக் காலத்திலும் சமூகத்துக்குள் இறங்கிய உளநல சேவையொன்று இங்கே கட்டியெழுப்பப்பட்டது. அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியாது?

முன்பள்ளி ஆசிரியைகளைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். "இந்தப் பிள்ளை இருக்கமாட்டான், அடுத்த வருடம் கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவதற்கு முன் அவர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுத்தோமா?

ஜமாஅத்துகளால் செய்யக் கூடியது ஒரு அறை. பள்ளிவாசலோடு சேர்ந்த மத்ரஸாக் கட்டடங்கள் காலை பத்து மணிக்குக் காலியாகத்தான் கிடக்கின்றன. வாரத்தில் ஒரு நாள், ஒரு அறை, ஒரு பாய், பெண்களுக்கு மட்டும். ஸகாத் நிதியிலிருந்து கிளினிக் போக்குவரத்துக்கு ஏழைக் குடும்பத்துக்கு ஒரு தொகை. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இதே கவலையோடு இருக்கும் தமிழ்த் தாய்மாருக்கு நிலைமை இன்னும் மோசம். மண்முனைப் பாலம் 2014இல் வந்த பிறகும் உள்ளூர்க் கிராமங்களிலிருந்து நகரத்து வைத்தியசாலைக்கு வருவது ஒரு முழு நாள் வேலை. தமிழில் பேசும் சிகிச்சையாளர்களைக் கேட்டு இரண்டு சமூகமும் சேர்ந்து ஒரே கடிதம் எழுதினால் அது கொழும்பில் வேறு மாதிரி வாசிக்கப்படும். பிள்ளையைத் திரும்பிப் பார்க்க வைக்கும் சொல் இரு கரையிலும் ஒன்றுதான்.

பேரனுக்கு இப்போது நான்கு வயது கடந்துவிட்டது. முழுதாகப் பேசுகிறான் என்று எழுத ஆசைதான். பேசவில்லை. இருபது சொற்கள் அளவில் இருக்கும். போன மாதம் அஸருக்குப் பிறகு ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்; வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வது. ஒரு கம்பில் நீர்க்காகம் சிறகை விரித்துக்கொண்டு இருந்தது. அவன் விரலை நீட்டினான். நீட்டிவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

மகள் இப்போது வியாழக்கிழமைகளில் பின்னேரம் வீட்டு முன்னறையில் பாய் விரித்து வைக்கிறாள். முதலில் எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் ஒன்றேமுக்கால் வயதுப் பிள்ளையோடு வந்தார். பிறகு ஏறாவூரிலிருந்து ஒருவர். சென்ற வாரம் மூன்றாவதாக ஒருவர் தன் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாமியார் வாசலில் நின்று என்னிடம், "சேர், ஆம்புளப் புள்ள சுணங்கித்தானே பேசும்?" என்றார். உள்ளே வந்து இருக்கச் சொன்னேன். மூன்று பிள்ளைகளுக்கும் கிளினிக் திகதி இன்னும் வரவில்லை.